டப்பா சொன்ன ஆள் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். உச்சிவேளையில் சுடுகாட்டுப் பக்கம் போகக்கூடாது என்று ஊரில் யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்த நேரம் பார்த்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய் அங்கிருக்கும் புளியமரத்தடியில் உட்காரவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு மாங்காய் தின்னக் கொடுப்பார். "பேய் வந்தா அதுக்கும் ஒரு துண்டு குடுங்க" என்பார். வரவில்லை. நாங்களே தின்று தீர்த்தோம்.

அப்படி வளர்ந்தவள் நான். பேய்க்கதை என்றால் அமாவாசை, நடுநிசி, நாய் ஊளை என்று ஆரம்பிப்பார்களே, என் கதையில் அதெல்லாம் கிடையாது. நான் கண்ணால் பார்த்ததெல்லாம் பகலில்தான், முக்கால்வாசி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். நடந்த இடம் வலங்கைமானுக்குக் கிழக்கே எங்கள் ஊரில், என் சொந்த வீட்டுக் கூடத்தில். செய்தது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆனால் வாயைத் திறந்து சொன்னது ஒரு கம்ப்யூட்டர் டப்பா.

என் பெயர் மங்கையர்க்கரசி. எங்கள் வீட்டுக்காரர் காலமாகி நாலைந்து வருஷம் ஆகிறது. ஒரே பையன் இளங்கோ, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, எட்டாவது மாடியில் குடித்தனம். எனக்கு இங்கே ஒன்றரை வேலி நிலம், ஏக்கர் கணக்கில் பத்து, இருக்கிறது, நானே நின்று சாகுபடி பார்க்கிறேன். ஆள் வைத்துத்தான் செய்கிறேன், ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, மடை அடைத்திருக்கிறதா, நாற்று அழுகுகிறதா என்று தினம் ஒரு நடை போய்ப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் புரட்டாசியில் சம்பா நடவின்போது வரப்பில் கால் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. வரப்பில் விழாத விவசாயி யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். ஆனால் இளங்கோவுக்கு அது போதுமானதாக இருந்தது. தீபாவளிக்கு வந்தவன் இலையில் உட்கார்ந்தபடியே பேச்சை எடுத்தான்.

"அம்மா, தனியா இருந்தது போதும்மா. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு எங்களோட வந்துடு. ராத்திரி நீ விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

"விழுந்தது பட்டப்பகல்ல. நாப்பது பொம்பளைங்க நடவு நட்டுக்கிட்டு நிக்கிறாங்க. அத்தனை பேரும் பார்த்துச் சிரிச்சாங்க."

"வெளையாடாதம்மா."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பாசத்தில் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் அந்த எட்டாவது மாடியில் நான் ஒரு தடவை இருபது நாள் இருந்து பார்த்திருக்கிறேன். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் மண் என்பது கண்ணுக்கே படாது. காலையில் எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமல் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். இந்த வீட்டை விட்டுக் கிளப்பினால் நான் ரொம்ப நாள் தாங்கமாட்டேன், இதை நாடகத்துக்குச் சொல்லவில்லை, உள்ளபடியே அப்படித்தான் தோன்றியது. முடியாது என்றேன். ரெண்டு நாள் அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள் பரண்மேல் ஏறினான். அவன் காலேஜில் படிக்கும்போது அவன் அப்பா வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் அங்கே கிடந்தது. கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் டிவி மாதிரி இருந்த அந்தப் பெட்டியை மனிதர் மடியில் வைத்துக்கொண்டே வந்தார், பக்கத்து சீட்டில் யாரையும் உட்காரவிடவில்லை என்று கண்டக்டர் வந்து என்னிடம் சொன்னான். அதை இறக்கிப் பிரித்துப் போட்டான் இளங்கோ. கூடம் முழுக்க ஒயரும் திருகாணியும். கும்பகோணம் போய்ப் பழைய இரும்புக் கடையில் கார் வைப்பர் மோட்டார் ரெண்டு வாங்கிவந்தான். என் பழைய சூட்கேஸ் சக்கரத்தைக் கழற்றினான். ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பலகையில் முடுக்கி, மேலே கம்ப்யூட்டரின் தகரக் கூட்டைக் கவிழ்த்து, உச்சியில் ஒரு சின்ன கேமராவை நட்டுவைத்தான். முழங்கால் உயரத்தில் ஒரு டப்பா. ஸ்விட்சைப் போட்டால் உள்ளே காத்தாடி உறுமும், பிறகு தானே நடக்கும். நம்பினால் நம்புங்கள், நான் பெற்ற பிள்ளை ஒரு ரோபோவைப் பெற்று என் கூடத்தில் விட்டுவிட்டான்.

அதற்கு ரெண்டே வேலை. காலையும் மாலையும் என்னிடம் வந்து நின்று, சிடி போடும் தட்டை நாக்கு மாதிரி நீட்டும். அதில் என் பிரஷர் மாத்திரையை இளங்கோ சொன்னபடி வாரத்துக்கு ஒரு தடவை நானே அடுக்கிவைக்க வேண்டும். ரெண்டாவது வேலை, முற்றத்தைச் சுற்றியிருக்கும் தாழ்வாரத்தில் அவ்வப்போது ஒரு வலம் வந்து, வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேமராவில் பார்த்து, சத்தமாகச் சொல்லிவிட்டு, அவன் போனுக்கும் தகவல் அனுப்புவது. குரலும் அவனே பதிந்துவைத்தான், அந்நியக் குரல் என்றால் நான் எரிச்சல்படுவேனாம். "ஒருத்தர் இருக்காங்க", "ரெண்டு பேர் இருக்காங்க", "மூணு பேர் இருக்காங்க", "யாரும் இல்லை". அவ்வளவுதான் அதன் பாஷை.

"தை அறுவடை வரைக்கும் பார்ப்போம்மா. அதுக்குள்ள நீ இன்னொரு தடவ விழக்கூடாது, இதை நிறுத்தக்கூடாது. ஒழுங்கா நடந்தா நான் வாயே தொறக்கமாட்டேன். ஏதாவது கோளாறுன்னா பேச்சே கெடையாது, கெளம்பிடணும்."

சரி என்றேன். ஒரு தகர டப்பாவுக்கா பயந்து கிடப்பேன்.

பயமில்லை, ஆனால் அது என்னைப் படுத்திய பாட்டை என்ன சொல்ல. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்போது உறுமிக்கொண்டு வந்து எதிரே நிற்கும், என்னை ஏற இறங்கப் பார்க்கும், "ஒருத்தர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போகும். அட நாயே, நான் ஒருத்தி என்று எனக்குத் தெரியாதா, நீ வேறு வந்து சொல்லவேண்டுமா. அவர் இருந்தபோது ரெண்டு தட்டு கழுவிய இடத்தில் ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருப்பவளிடம் போய் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் ஒருத்தர், ஒருத்தர் என்றால் எப்படி இருக்கும். ஒருநாள் ஆத்திரத்தில் அதன் கேமராமேல் ஈர ரவிக்கையைப் போட்டேன். அடுத்த நிமிஷம் போன். "அம்மா, எடும்மா அதை."

இங்கே ரெண்டு விஷயம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது உங்களுக்குப் புரியாது.

ஒன்று, எங்கள் வீட்டுப் பத்தாயம். பத்தாயம் என்றால் நெல் கொட்டிவைக்கும் மரப்பெட்டி, எங்கள் வீட்டில் இருப்பது ஆள் உயரத்துக்குமேல் இருக்கும், கூடத்தின் தெற்கு மூலையை அடைத்துக்கொண்டு நிற்கும். அது எங்களுடையதே இல்லை. கல்யாணமான புதிதில் இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது, விற்றுவிட்டுப் போனவர்கள் சட்டிபானைவரை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்கள், இதை மட்டும் விட்டுவிட்டார்கள். வாசல் வழியே அது போகாது. பெட்டியை வைத்துவிட்டுச் சுற்றி வீட்டைக் கட்டியிருப்பார்கள் போல. எங்களுக்கு வசதியாகப் போயிற்று, விதைநெல் போட்டுவைத்தோம். அதன் ஓரத்தில் நெல் மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வதுதான் எங்கள் வீட்டுக்காரருக்குப் பிடித்த இடம், கணக்குப் பார்ப்பதும் அங்கேதான், தூங்கி வழிவதும் அங்கேதான்.

இன்னொன்று, அவர் எண்ணும் முறை. களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது எங்கள் பக்கத்தில் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். முதல் மரக்காலை "லாபம்" என்பார்கள், அப்புறம் ரெண்டு, மூணு என்று போகும். அதையும் சும்மா சொல்லமாட்டார்கள், ராகம் போட்டு இழுப்பார்கள். அவர் நெல்லுக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். தேங்காய் எண்ணினாலும் லாபம், கட்டுக்கட்டாய் நாற்று எண்ணினாலும் லாபம். கும்பகோணத்தில் திருவிழாக் கூட்டத்தில் நடந்துபோகும்போது நாங்கள் தொலைந்துவிடக்கூடாது என்று அடிக்கடி நின்று எண்ணுவார், நடுத்தெருவில் என் தலையைத் தொட்டு "லா...பம்", இளங்கோ தலையைத் தொட்டு "ரெண்டு", தன் நெஞ்சைத் தட்டி "மூணு". நான் வெட்கத்தில் செத்துப்போவேன். மூன்று பேரை எண்ணுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று திட்டுவேன். இன்றைக்கு ரைஸ் மில்லிலும் அறுவடை மெஷினிலும் யார் லாபம் சொல்கிறார்கள், மூட்டையைத் தராசில் போட்டால் முடிந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாக வயல் பக்கம் போகமுடியவில்லை, பயிர் முழுகிவிடுமோ என்ற கவலையில் கூடத்தில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம். ஓட்டிலிருந்து முற்றத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் டப்பா வந்தது தெரியவில்லை. நிமிர்ந்தபோது அது பத்தாயத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. சுவருக்கு எதிரே அது எப்போதும் நிற்காது, திரும்பிவிடும். அன்றைக்கு நின்றது. கேமரா லேசாக மேலே ஏறி, அப்புறம் கீழே இறங்கியது, உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்கிற மாதிரி.

"லா...பம்" என்றது.

பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பியது. "ரெண்டு."

திரும்பி உறுமிக்கொண்டு போய்விட்டது.

பயந்தீர்களா என்று கேட்பீர்கள். சத்தியமாக இல்லை. எனக்கு வந்தது கோபம், அப்படி ஒரு கோபம். குரல் இளங்கோ குரல். ஆக, அவன் வேலைதான் இது. அப்பா பேரைச் சொல்லி, அப்பா எண்ணுகிற மாதிரி எண்ணி, என் மனதைக் கரைத்தோ பயமுறுத்தியோ என்னைச் சென்னைக்கு இழுக்கப் பார்க்கிறான். கட்டுப்போட்ட கையோடு போனை எடுத்து, வாயில் வந்ததெல்லாம் திட்டினேன்.

"அம்மா, நான் ஒண்ணுமே பண்ணலம்மா. ரெண்டு பேர்னு தகவல் வந்துச்சு. செல்வி அக்கா வந்திருக்காங்கன்னு நெனச்சேன்."

செல்வி பக்கத்து வீட்டுப் பெண். எனக்குக் கை முடியாததால் பால் கறந்து கொடுத்துவிட்டுப் போவாள். அவளுக்கு உலகத்தில் இருக்கிற அத்தனை நம்பிக்கையும் உண்டு. விஷயத்தைச் சொன்னதும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"பெரியம்மா, பெரியப்பாதான் வந்திருக்காங்க. அவுங்க ஆசையா மடியில வச்சுத் தூக்கிட்டு வந்த கம்ப்யூட்டர் இல்லையா அது? அதுக்குள்ள இருக்காங்க."

"அவர் ஆசையா முதுகுல சொமந்தது மருந்தடிக்கிற பம்ப். அது பேசுதாடி?"

"நீங்க இப்படித்தான் பேசுவீங்க. ஒரு சூடமாவது கொளுத்துங்க."

"எங்க அப்பா எந்திரிச்சு வந்து அடிப்பாரு."

சொன்ன பிறகுதான் நான் சொன்னதில் இருந்த கோளாறு எனக்கே உறைத்தது. நல்லவேளை, அவளுக்கு உறைக்கவில்லை.

நான் பகுத்தறிவாளியின் மகள். காரணம் இல்லாமல் காரியம் இல்லை என்று உட்கார்ந்து யோசித்தேன். பத்தாயத்துக்கு மேலே சுவரில் அவர் போட்டோ மாட்டியிருக்கிறது. கேமரா போட்டோவில் இருக்கும் முகத்தை ஆள் என்று நினைத்துவிட்டது, அவ்வளவுதான் சங்கதி. போட்டோவைக் கழற்றி உள் அறையில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். சாயங்காலம் டப்பா வலம் வந்தது, பத்தாயத்தின் எதிரே நின்றது. லாபம். என் பக்கம் திரும்பியது. ரெண்டு. அந்த நெல் மூட்டை உட்கார்ந்த ஆள் மாதிரி தெரிகிறதோ என்று செல்வியை விட்டு மூட்டையை இழுத்துப்போட்டேன். லாபம், ரெண்டு. பத்தாயத்தின் கதவைத் திறந்து எலி ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். விதைநெல்லும் வேப்பிலையும்தான் இருந்தன. செல்வி கூட நின்றபோது பத்தாயத்துக்கு லாபம், எனக்கு ரெண்டு, அவளுக்கு மூணு. அவள் பால் செம்பை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். மறுநாளிலிருந்து வாசலோடு சரி, உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கோளாறு என்று அர்த்தம், கோளாறு என்றால் எட்டாவது மாடி. தவிர, உண்மையைச் சொல்லவேண்டும், ஒருத்தர் ஒருத்தர் என்று கேட்டுக்கேட்டு நொந்துபோயிருந்தவளுக்கு ரெண்டு என்பது காதுக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. நம்பியதாக அர்த்தம் இல்லை. மழைச் சத்தம் பிடித்திருக்கிறது என்றால் மழையைக் கும்பிடுகிறேன் என்றா அர்த்தம்? ஒருநாள் சாப்பிடும்போது பத்தாயத்து ஓரத்தைப் பார்த்து "ரசம் உப்பா இருக்கா?" என்று கேட்டுக்கூட விட்டேன். கேலியாகத்தான்.

மாவுக்கட்டைப் பிரிக்க ஒருநாள் கும்பகோணம் போனேன். வீட்டைப் பூட்டி, சாவி என் இடுப்பில். கட்டுப் பிரித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது இளங்கோ போன் செய்தான்.

"அம்மா, எங்க இருக்க?"

"பஸ்ல."

"வீட்ல யாரு?"

"யாரும் இல்ல. பூட்டிட்டு வந்திருக்கேன்."

"ஒரு ஆள் இருக்குன்னு தகவல் வந்திருக்கும்மா. காலைலேருந்து, ஒவ்வொரு தடவையும்."

திருடன் என்று பயந்துவிட்டான். செல்வியின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறான், அவர் சுற்றிவந்து பூட்டு பூட்டியபடி இருக்கிறது, ஓடு பிரிக்கவில்லை, கொல்லைக் கதவும் தாழ்ப்பாளோடு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நான் போய்த் திறந்தபோது டப்பா பத்தாயத்துக்கு எதிரே, கேமராவைத் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தது. மாத்திரைத் தட்டை நீட்டியபடி நின்றது. என் நேரத்து மாத்திரை அது, அங்கே யாருக்கு நீட்டுகிறது. தட்டிலிருந்து மாத்திரையை எடுக்கப்போனேன், கை தவறிக் கீழே விழுந்தது. கட்டுப் பிரித்த கை, பலம் இல்லை, அதனால் நழுவியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை இளங்கோ வந்து இறங்கினான். சாப்பிடக்கூட இல்லை, லேப்டாப்பை விரித்து டப்பாவோடு ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மத்தியானம் வரை பார்த்தான். தப்பு எதுவும் இல்லை என்றான். "அப்படின்னா ஓடவிட்டுத்தான் பாரேன்" என்றேன். ஒயரைப் பிடுங்கினான். அது கிளம்பி அடுப்படி வாசல்வரை போய்த் திரும்பி, தாழ்வாரத்தைச் சுற்றிவந்து, பத்தாயத்துக்கு எதிரே நின்றது.

"லா...பம்."

என் பக்கம். "ரெண்டு."

அவன் பக்கம். "மூணு."

இளங்கோ முகத்தில் ரத்தம் இல்லை. தன் குரல் தன்னைப் பார்த்துப் பேசுவதைக் கேட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்துவிட்டேன். இவன் செய்த தந்திரமோ என்று எனக்கு ஒட்டிக்கொண்டிருந்த சந்தேகமும் அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"நான் இந்த வார்த்தையைப் பதியவே இல்லம்மா" என்றான். "வெறும் ரெண்டு, வெறும் மூணுன்னுகூடப் பதியல. 'ரெண்டு பேர் இருக்காங்க'ன்னு சேர்த்துத்தான் சொன்னேன். இந்த இழுப்பு எனக்கு வரவே வராது. நான் களத்துல நெல்லு அளந்ததே கெடையாதே."

அப்புறம் குழந்தை மாதிரி அழுதான். "அப்பாம்மா. அப்பாதான் எண்ணுறாரு." அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன், எனக்கும் அழுகை வந்தது, மறைப்பானேன். ரெண்டு பேரும் அழுது முடித்தோம். அழுது முடித்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"பெட்டியைக் கட்டும்மா. இன்னைக்கே கெளம்புறோம்."

"எதுக்கு?"

"இதுக்கு மேல உன்னை இந்த வீட்ல எப்படி விட்டுட்டுப் போறது? கோளாறுன்னா கெளம்பணும்னு பேசினோம் இல்ல?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது அந்த வேகம். எழுந்து நின்றேன்.

"டேய், நில்லு. தீபாவளிக்கு வந்தப்ப என்ன சொன்ன? நீ தனியா இருக்க, அதனால வந்துடுன்ன. இப்ப உன் மிஷினே நான் தனியா இல்லன்னு சொல்லுது. இப்ப தனியா இல்ல, அதனால வந்துடுங்கற. ஏதாவது ஒரு காரணத்துல நில்லு. தனியா இருந்தாலும் குத்தம், தொணைக்கு ஆள் இருந்தாலும் குத்தமா?"

அவன் குனிந்து டப்பாவின் ஸ்விட்சை அணைத்தான்.

"மிஷின் கோளாறுன்னா அது நீ செஞ்ச மிஷின், நீ கட்டிக்கிட்டுப் போ. உங்க அப்பான்னா, அவர் இருக்குற வீட்ட விட்டு நான் எதுக்குப் போறேன்? ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் கெளம்புறதுக்கு அதுல என்ன இருக்கு? பயிர் பூட்டை கட்டிக் கதிர் தள்ளுற நேரம். போ, கைகால் கழுவிட்டு வா, சாப்பாடு போடுறேன்."

வந்து சாப்பிட்டான். வேறென்ன செய்வான். போகும்போது கேமராவையும் பேட்டரியையும் உள்ளே இருந்த பச்சை அட்டையையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். சக்கரம் வைத்த பலகையும் தகரக் கூடும் கனம், பஸ்ஸில் தூக்கமுடியாது என்று விட்டுவிட்டுப் போனான். செல்வி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், மங்கையர்க்கரசி பெரியம்மாவுக்குப் பெரியப்பா துணையிருக்கிறார் என்று. யாரும் வந்து என்னிடம் அனுதாபம் பேசுவதில்லை இப்போது. நான் மறுக்கவும் இல்லை. தை அறுவடையும் பழுதில்லாமல் முடிந்தது, விதைக்கு எடுத்துவைத்தது போக மீதியைக் கொள்முதலுக்கு அனுப்பினேன். சென்னைப் பேச்சை இளங்கோ எடுக்கவே இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நானே உங்களுக்கு நாலு காரணம் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பேன். மாசியில் ஒருநாள் இளங்கோ போன் செய்தான். சாகுபடி, உடம்பு, மருமகள் என்று எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டான்.

"அம்மா, திருவிழாவுல அப்பா நம்மள எண்ணுவாரு இல்ல. நான் எத்தனாவது?"

"ரெண்டு."

"அதான் எனக்கும் ஞாபகம். ரெண்டு ரெண்டுன்னு என் தலையில தட்டுவாரு. அப்ப லாபம் யாரு?"

லாபம் நான்தான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து கண்ணை மூடும்வரை அந்த மனிதர் எனக்கு முன்னால் ஒருத்தரை எண்ணியதில்லை. அவர் அம்மாவே எங்களோடு நடந்துவந்தபோதும் என்னைத்தான் முதலில் தொட்டார், அதற்கு அந்த அம்மா என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. தன்னைக் கடைசியில்தான் எண்ணுவார். எண்ணியது அவர் என்றால், எனக்கு முன்னால் அங்கே லாபம் என்று எண்ணப்பட்டது யார். அங்கே உட்கார்ந்திருந்தது அவர் என்றால், அவரை எண்ணியது யார்.

அவனும் அதே இடத்துக்குத்தான் வந்து நின்றிருந்தான்.

"மிஷின் தப்பு" என்றேன். "போனை வை."

வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அன்றைக்குப் பத்தாயத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அது இங்கே இருந்தது என்பதை நினைத்துக்கொண்டேன். நினைத்துவிட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். யாராக இருந்தாலும் இருக்கட்டும். பட்டா என் பேரில் இருக்கிறது.

அந்த வெறும் கூடு இப்போதும் கூடத்தில்தான் இருக்கிறது. பேட்டரி இல்லை, கேமரா இல்லை, ஒரு துண்டு ஒயர்கூட உள்ளே இல்லை. அதன்மேல் வெற்றிலைத் தட்டை வைத்துக்கொள்கிறேன். ராத்திரி படுக்கும்போது அதன் மாத்திரைத் தட்டு வாய் என் பக்கம் பார்த்து இருக்கும், காலையில் எழுந்து பார்த்தால் சில நாள் பத்தாயத்தின் பக்கம் திரும்பியிருக்கும். சக்கரம் வைத்தது, தரை வாட்டத்துக்கு உருளும் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். எங்கள் கூடத்தின் வாட்டம் முற்றத்துப் பக்கம், மழைத்தண்ணீர் ஓடவேண்டும் என்பதற்காக. பத்தாயம் இருப்பது மேட்டில்.

அது திரும்பினால் நானும் விடுவதில்லை. காலால் ஒரு தள்ளு, என் பக்கம் திருப்பி நிறுத்துவேன். அதற்கு எதிரே நின்று என் நெஞ்சைத் தட்டி, பத்தாயத்துக்குக் கேட்கிற மாதிரி "லாபம்" என்று சொல்வேன். இந்த வீட்டில் முதல் ஆள் யார் என்று தெரியட்டும்.

அத்தோடு நிறுத்திக்கொள்வேன். ரெண்டு என்று மட்டும் சொல்வதில்லை. சொன்னால் ஆள் இருப்பதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தினமும் அது நாக்கு நுனிவரை வருகிறது, வாயை இறுக்கி மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.